மலையடியில் ஒரு நிமிடம்

அந்த டிரைவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் காலையில் எடுத்து, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற பஸ் அது. மலைமேல் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கு எனக்கு மாற்றல் ஆகியிருந்தது. கரும்புக் கொல்லைகள் முடிந்து, அணைக்கட்டும் பின்னால் போய், மலை கண்ணெதிரே நிமிர்ந்து நின்ற இடத்தில் அவர் வண்டியை ஓரமாக ஒதுக்கினார். எஞ்சினை அணைத்தார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பஸ்ஸில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.  மனிதர் மயங்கிவிட்டார், அடுத்து வாயில் நுரை தள்ளும், நல்லவேளை மலை ஏறுவதற்கு முன்பே வந்தது என்றெல்லாம் என் மனம் ஓடியது. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ சொன்னது.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்தார், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வண்டியை எடுத்தார். சாவிக்கொத்து என் கையில் வியர்த்துக் கிடந்தது.

கண்டக்டர் வாய் ஓயாதவர். டிக்கெட் கிழிக்க வந்தபோது அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"டிரைவருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பா? கல்லு மாதிரி இருக்காரு டீச்சர். இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டாரே."

"அவரு தூங்கலீங்க. கேட்டுகினு இருக்காரு."

"எதை?"

"அத அவருகிட்டதான் கேக்கணும். மேலருந்து எறங்கும்போதும் இப்படித்தான், ஒரு நிமிசம். பழகிடும் வுடுங்க."

பழகவில்லை. எனக்கு எதுவுமே சுலபத்தில் பழகாது. நான் பயந்தாங்கொள்ளி. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. என் கணவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் மனசுக்குள் போய் வந்துவிடுவேன். போன் வந்த பிறகு இந்த வேலை இன்னும் வசதியாகிவிட்டது. உலகத்தில் எங்கே தீப்பிடித்தாலும், எங்கே பாலம் இடிந்தாலும், எங்கே யார் யாரை வெட்டினாலும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த கையோடு நாலு பேருக்கு அனுப்பியும் வைப்பேன். எச்சரிக்கை செய்வது நல்ல காரியம் என்று நினைத்திருந்தேன்.

டிரைவரிடம் இருந்தது பட்டன் போன். அதுவும் டிபன் டப்பா இருக்கும் பைக்குள் கிடக்கும். பஸ்ஸில் பாட்டுப் போடமாட்டார். கல்லூரிப் பெண்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள். "பாட்டு கேட்டா எனக்கு வண்டி கேக்காதும்மா" என்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை எப்போதும் ஒரு அளவு பெரிதாகவே இருக்கும். பேச்சு கம்மி. மலை ஏறுகிற நாளில் காலையில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், வயிறு கனமாக இருந்தால் கவனம் சிதறும் என்று. இறங்கி வந்து அணைக்கட்டுப் பக்கத்து டீக்கடையில்தான் முதல் டீ. அதையும் ஊதி ஊதி, கால் மணி நேரம் குடிப்பார்.

அந்த ஒரு நிமிடத்துக்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மலையடியில் இருக்கிற முனியப்பனுக்கு வேண்டுதல் என்றார் பூக்காரம்மா. வேறு ஊரில் ஓட்டும்போது ஒரு விபத்தைப் பார்த்துவிட்டார் என்றார் தபால்காரர். வயிற்றுப்புண், வலி வந்தால் அப்படித்தான் நிறுத்துவார் என்று கண்டக்டரே ஒரு நாள் சொன்னார். அவரிடம் நேரே கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்.

"வண்டி ஓடிக்கினே இருந்தா எல்லாம் ஒரே சத்தங்க. நின்னாத்தான் எது எங்கேர்ந்து வருதுன்னு தெரியும்."

ஒரு திங்கட்கிழமை அந்த நிமிடம் முடிந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. இறங்கிப் போய் முன் சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். பிறகு வந்து, "ஏதோ காத்து போற சத்தம் கேக்குது. மெக்கானிக் வரட்டும்" என்றார். அவ்வளவுதான், பஸ் பொங்கிவிட்டது. அன்று மலையில் சந்தை. மூட்டைகளோடு வந்தவர்கள் திட்டினார்கள். கட்சிக் கரை வேட்டி கட்டிய ஒருவர், "யோவ், உன்ன எலவனாசூர்கோட்ட பக்கம் மாத்திடுவேன், பாத்துக்கோ" என்று விரலை ஆட்டினார். டிரைவர் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து, அடியில் படுத்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்றான்.

ஒன்றுமே இல்லை! எனக்கே கோபம் வந்தது. என் முதல் இரண்டு பாடவேளை போயிருந்தது. கரை வேட்டிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானுங்களே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முகத்தில் வெட்கம் இல்லை, வீம்பும் இல்லை. இந்த மனிதருக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன். எங்கேயோ ஒரு குளத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருக்கிறாரே, நான் மட்டும் ஏன் நாள் முழுக்க நெஞ்சு படபடக்கத் திரிகிறேன் என்று.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனில் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. எந்த நாட்டில் எடுத்ததோ, எந்தக் காலத்தில் எடுத்ததோ, எல்லாம் நம் பக்கத்துத் தெருவில் நடந்தது போல வரும். எங்கள் தெருப் பெண்கள் குழுவில் தினமும் நாலு வந்துகொண்டிருந்தது. நான் என் மகளை டியூஷனுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். வீட்டுக் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினேன்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு, மேலே கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறி, இடப்பக்கம் முன் சீட்டில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். டிரைவருடைய தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் பஸ் முழுக்கத் தெரியும். அதில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். நடுச் சீட்டில் ஓர் ஆண். பல நாள் தாடி, சிவந்த கண். மடியில் ஒரு குழந்தை. தலையிலிருந்து கால்வரை பழைய சேலைத் துணியால் மூடியிருந்தது. ஒரு சின்னப் பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பாதம் அசையவே இல்லை.

யாருடைய குழந்தை? அம்மா எங்கே? ஏன் முகத்தை மூட வேண்டும்? மயக்க மருந்து கொடுத்து மூடிக் கொண்டுபோவார்கள் என்று அன்று காலையில்தானே ஒரு வீடியோ வந்தது?

ஆறு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளிடம் "என்னப்பா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்த மலையில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பயம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. கையை மட்டும் அது பிடிக்கவில்லை. போனை மடியில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் தெரிந்தவனை ஒரு போட்டோ எடுத்தேன். "மலை பஸ்ஸில் சந்தேகப்படும்படி ஒருவன் குழந்தையுடன் வருகிறான். முகம் மூடியிருக்கிறது. கீழே இருப்பவர்கள் பார்க்கவும்" என்று எழுதி, குழுவில் போட்டேன்.

போகவில்லை. மேலே டவர் கிடையாது. மலைக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், கீழே இறங்கும்போது மூன்றாவது பெரிய வளைவு திரும்பினால்தான் டவர் கிடைக்கும். அதுவரை செய்தி ஒரு சின்னக் கடிகாரப் படத்தோடு போனிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

இறக்கத்துக்கு முன் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். கண்ணை மூடினார்.

அந்த ஒரு நிமிடம் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது. பலாமரத்தில் ஏதோ குருவி கத்தியது. பின் சீட்டில் யாரோ ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். வண்டியின் ஆட்டம் மலைப்பெண்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, தினமும் பார்ப்பதுதான். நடுச் சீட்டுக்காரன் திரும்பி அவளைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சொன்னான். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் அதைக் கேட்கவில்லை. கடிகாரப் படம் என் விரலுக்குக் கீழே இருந்தது, ஓர் அழுத்தில் அழித்திருக்கலாம்.

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் ஒரு நொடி என்னையும் என் கையிலிருந்த போனையும் பார்த்தார். வண்டி இறங்கியது. மூன்றாவது வளைவில் பஸ்ஸிலிருந்த எல்லாப் போனும் டிங் டிங் என்று கத்தின. என் செய்தி போய்விட்டது.

கால் மணி நேரத்துக்குள் அது எனக்கே திரும்பி வந்தது. வேறொரு குழுவிலிருந்து, வேறு யாரோ மாற்றி எழுதியது. "மலை பஸ்ஸில் மூன்று குழந்தைகள் கடத்தல். கும்பல் வருகிறது."  பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அனுப்பியது வேஷம் மாற்றிக்கொண்டு வந்து என்னையே பயமுறுத்துகிறது என்று அப்போது புத்தியில் ஏறவில்லை.

மலை இறங்கி, ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு நிறுத்தம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களும் என்னைப் போலப் பிள்ளை பெற்றவர்கள்தான். ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு பைக் கிடந்தது. முப்பது நாற்பது பேர். கையில் கரும்புக் கழி, சிலர் கையில் மண்வெட்டிக் காம்பு. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றிருக்கிறார்கள்.

டிரைவர் நிறுத்தினார். கண்டக்டரைப் பார்த்து, "கதவ சாத்து" என்றார். எஞ்சினை அணைத்தார்.

"எறக்குடா அவன!"

"புள்ள புடிக்கிற நாயி, எங்கடா அவன்?"

கைகள் பஸ்ஸின் தகரத்தில் அடித்தன. உள்ளே இருந்த எனக்கு மண்டைக்குள் அடிப்பது போல இருந்தது. நடுச் சீட்டு ஆள் எழுந்து நின்றுவிட்டான். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். ஒரு கல் வந்தது. புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் அந்தச் சேலைத் துணிமேல் கொட்டியது.

டிரைவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து கீழே குதித்தார். பஸ்ஸின் முன்னால் போய் நின்றார்.

"இஞ்சின ஆப் பண்ணிட்டேன். வண்டி எங்கயும் போவாது. ஒரு நிமிசம் சத்தம் போடாம இருங்க. ஒரே நிமிசம். அப்பால நானே கதவத் தொறந்து வுடறேன்."

ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான். அவர் அதே குரலில், அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பித்தான்கள் தெறித்தன. மூன்றாவது தடவையும் சொன்னார். குரல் உயரவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"இன்னாய்யா சொல்றான்?"

"ஒரு நிமிசங்கிறான்."

"இன்னாத்துக்கு ஒரு நிமிசம்?"

என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காகவே முன்னால் இருந்த சிலர் வாயை மூடினார்கள். கொஞ்சம் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் பஸ்ஸுக்குள் குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. துணியை விலக்கி, ரத்தம் வழிகிற அந்தத் தாடி முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, "ப்பா... ப்பா..." என்றது. பின் சீட்டிலிருந்து வாந்தி எடுத்த பெண் சீட்டுக்குச் சீட்டு பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "எம்மவ! எம்மவய்யா! அவரு அப்பன்யா!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

வெளியே கழிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பைக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு அந்தத் தாய் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மருந்து கொடுத்துத் தூங்கவைத்து டாக்டரிடம் கொண்டுபோகிறார்கள். முதல் தடவையாக மலையிறங்குகிற பிள்ளை. அவர்களுடைய சிற்றூரில், முதல் தடவை இறங்கும் பிள்ளையின் முகத்தை மூடித்தான் கொண்டுபோவார்களாம். ஆற்றைத் தாண்டிய பிறகுதான் திறப்பார்களாம். கீழே இருக்கிற இரைச்சலையும் கூட்டத்தையும் ஒரேயடியாகப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று. பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இவ்வளவும் நடந்தபோது நான் என்ன செய்தேன்? உட்கார்ந்திருந்தேன். நான்தான் அனுப்பினேன், தப்பாக அனுப்பிவிட்டேன் என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டோவையும் செய்தியையும் அழித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் ஏறி வந்து உட்கார்ந்தார். அவருடைய காக்கி பேண்ட் தொடையிலிருந்து முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது. சீட்டுப் பக்கத்தில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தார், மீதியை மடியில் சாய்த்துக்கொண்டார். "தண்ணி கொட்டிக்கினேன்பா" என்று கண்டக்டரிடம் சொன்னார். பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே பேண்ட் நனைந்திருந்ததை முன் சீட்டில் இருந்த நான் பார்த்துவிட்டேன். பஸ்ஸை நேரே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினார். அந்த ஆளுக்கு ஏழு தையல் போட்டு முடிக்கிறவரை கூடவே இருந்தாராம். கண்டக்டர் சொன்னார்.

விசாரணை வந்தது. செய்தி நூறு கை மாறியிருந்தது, முதல் கை எது என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்துதான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், நீ பார்த்தாயா என்று டிரைவரைக் கேட்டிருக்கிறார்கள். "நான் ரோட்டப் பாத்து ஓட்டறவன் சார்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? என்றைக்காவது சொல்லிவிடுவாரா? கண்ணாடியில் படாத இடமாகப் பார்த்து, கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார ஆரம்பித்தேன். மலையடியில் எஞ்சின் நிற்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு விசாரணைதான். அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது பஸ் முழுக்கக் கேட்கிறது என்று தோன்றும்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நான் ஏறும்போது டிரைவர், "முன்ன வாங்க டீச்சர். பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முன் சீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அப்புறம் இரண்டு வருடம் அவர் அந்த ரோட்டில் ஓட்டினார். பிறகு வேறு தடத்துக்கு மாற்றினார்கள். கடைசி நாள் சாயங்காலம் கீழே இறங்கியதும் அணைக்கட்டு டீக்கடையில் வண்டி நின்றது. மற்றவர்கள் வடை வாங்கப் போனார்கள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன்.

"தம்பி, அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி எப்படிப் பயப்படாம நின்னீங்க?"

டீயை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"பயப்படாமயா? நீங்கதான் பாத்தீங்களே டீச்சர், என் பேண்ட்ட."

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"நானும் பாத்தேன், கண்ணாடில" என்றார். "ரெண்டு பேரும் பாத்துட்டோம். வுடுங்க."

"ஏன் சொல்லல தம்பி?"

"சொன்னா இன்னா ஆவும்? அன்னிக்கி உங்க வூட்டு முன்னாடி ஒரு கும்பல் நிக்கும்." ஒரு வாய் குடித்தார். "நான் சின்னதுலேர்ந்தே பயந்தவங்க. மலையப் பாத்தாலே வயிறு கலக்கும். எந்த சத்தம் வண்டிலேர்ந்து வருது, எந்த சத்தம் எனக்குள்ளேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் நிறுத்துவேன். ரெண்டும் ஒண்ணா கேட்டா ஸ்டியரிங்க புடிக்க முடியாது. பிரிஞ்சுட்டா ஓட்டிடலாம். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க டீச்சர்." கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். என் கேள்வியை எனக்கே விட்டுவிட்டுப் போனார் என்று அன்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

புது டிரைவர் மலையடியில் நிறுத்துவதில்லை. பாட்டுப் போடுகிறார்.

போன ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஓர் ஆள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாடி இல்லை. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. 

"டீச்சர், நீங்க அன்னிக்கி அந்த பஸ்ல இருந்தீங்க இல்ல?" என்று கைகூப்பினார். "தெரிஞ்ச டீச்சர்கிட்ட படிக்கட்டும்னு இங்க கூட்டியாந்தேன். இவதான் அந்தப் புள்ள."

தெரிந்த டீச்சர். அவருக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் முன்பல் இரண்டும் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது. விண்ணப்பத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, வகுப்பில் உட்காரவைத்தேன். அன்று ராத்திரி தூங்கவில்லை, அடுத்த நாலைந்து ராத்திரியும்தான். சொன்னால் பிள்ளையை நிறுத்திவிடுவார். அந்தச் சிற்றூருக்கு வேறு பள்ளி பக்கத்தில் கிடையாது. சொன்னால் புகார் போகும், வேலை போகும், என் மகள் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஐந்து வருடம் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை, மகளைக் கூட்டிவந்த அந்த அப்பாவைப் பள்ளி கேட்டில் நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கண்ணை மூடினேன். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருட்டுகிற சத்தம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம். அந்தப் பெண் செருப்பைத் தரையில் தேய்க்கிற சத்தம். அதற்கெல்லாம் அடியில் டமடமவென்று ஒன்று. அது எனக்குள்ளிருந்து வந்தது, மற்றவை வெளியிலிருந்து வந்தன. கண்ணைத் திறந்து சொல்லிவிட்டேன். போட்டோ எடுத்தது, எழுதியது, அழிக்க நேரம் இருந்தும் அழிக்காதது, அவர் ரத்தம் கொட்டியபோது வாயை மூடி உட்கார்ந்திருந்தது, எல்லாம்.

அவர் கை தானாகப் புருவத்துக்குப் போனது.  அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"தையல் போட்டுகினு இருந்தப்ப அந்த டிரைவரக் கேட்டேன்" என்றார் கடைசியில். "அனுப்பினவங்க யாருன்னு தெரிஞ்சா சொல்லுய்யான்னு. பேரு சொல்லல. பயந்தவங்கன்னாரு."

குனிந்து மகளின் பையைச் சரிசெய்தார். "உள்ள போ" என்றார். அது ஓடிவிட்டது. அவர் போகவில்லை. கேட்டுக்கு எதிரே பாறை ஒன்று இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்து வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வெயில் ஏறியது, அப்போதும் இருந்தார். பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். கூலி வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. நான் ஜன்னலை அடைக்கவில்லை. அவர் பார்க்கிற மாதிரியே நின்று பாடம் நடத்தினேன்.  அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து "அ" எழுதவைக்கும்போது முதுகில் அவர் கண் இருப்பது தெரிந்தது. புகார் போகவில்லை. வார்த்தையும் வரவில்லை. தினமும் அந்தப் பாறையும் அவரும்தான்.

பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் தனியாக ஓடி வந்தது. நான் கேட்டுவரை போய்ப் பார்த்தேன். பாறை காலியாக இருந்தது.

"அப்பா எங்கம்மா?"

"வேலைக்குப் போயிடுச்சு டீச்சர்" என்றது.